கரையில் நின்று பாஸ் மீன் பிடிப்பது: என்ன கோளாறு என்று அறிகுறியை வைத்துக் கண்டுபிடியுங்கள்

மூன்று மணி நேரம் வீசியும் ஒன்றும் சிக்கவில்லை என்றால் எல்லாரும் முதலில் கை வைப்பது லூர்ப் பெட்டியில்தான், அதாவது போலி இரைப் பெட்டியில். நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன். பச்சையைக் கழற்றி நீலத்தைக் கட்டுவது, நீலத்தைக் கழற்றி வெள்ளையைக் கட்டுவது, வீட்டுக்கு வந்து இன்னும் நாலு நிறம் வாங்குவது. பெட்டி கனத்ததே தவிர மீன் வரவில்லை. கரையில் நிற்பவருக்குக் கோளாறு பெரும்பாலும் லூரில் இருக்காது. கால் நிற்கும் இடத்திலோ, தூண்டில் நரம்பின் கடைசி ஒரு சாணிலோ இருக்கும்.

அதனால் இதை லூர் வகைப்படி எழுதாமல், உங்களுக்கு என்ன நடக்கிறதோ அதன்படி எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ நேராக அங்கே போங்கள். ஒன்றே ஒன்று: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இடம், லூர், இழுக்கும் வேகம் மூன்றையும் சேர்த்து மாற்றி, அப்புறம் மீன் கடித்தால் எதனால் கடித்தது என்று கடைசிவரை தெரியாது.

பாஸ் என்று நான் சொல்வது லார்ஜ்மவுத் பாஸை. பக்கவாட்டில் கறுப்பாக ஒரு பட்டை ஓடும், வாயை மூடினால் மேல்தாடையின் முனை கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். ஸ்மால்மவுத்துக்குத் தாடை கண்ணைத் தாண்டாது. பிறந்த இடம் வட அமெரிக்கா, பிறகு பல நாடுகளில் கொண்டுவந்து விட்டார்கள். அதனால் உரிமம், அளவு, பருவத் தடை எல்லாம் இடத்துக்கு இடம் மாறும், ஏரிக்கு ஏரிகூட மாறும், வீசுவதற்கு முன் பார்த்துவிடுங்கள். ஜப்பானில் 2005-இல் நடைமுறைக்கு வந்த அயல் உயிரினச் சட்டப்படி பாஸை உயிரோடு இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவதே குற்றம். எந்த ஊரானாலும் அந்த வேலையைச் செய்யாதீர்கள்.

அறிகுறி: ஒரு தட்டல்கூட இல்லை

இதுதான் பெரிய பகுதி, பொறுமையாகப் படியுங்கள். கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள், லூர் கடைசியில்தான் வரும்.

முதலில், கரைக்கு எப்படி வந்தீர்கள்? ஒரு காலை நேரம், வெயில் முதுகுப் பக்கம், நான் விறுவிறுவென்று நடந்து தண்ணீர் ஓரம்வரை போய் நின்று, ஏரியின் நடுவைப் பார்த்துக்கொண்டே முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். என் நிழல் தண்ணீரில் நீளமாக விழுந்திருந்தது. காலடியில் கோரைப் புல்லின் ஓரத்தில் தண்ணீர் ஒரு தடவை உப்பி, அப்படியே ஏர் உழுததுபோல ஒரு கோடு ஆழத்தை நோக்கி ஓடியது. என் ராடின் (தூண்டில் கோலின்) நீளம்கூட இல்லை அந்தத் தூரம். அன்று நான் நாற்பது மீட்டர் தள்ளி வீசிக்கொண்டிருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. இருந்த ஒரே மீனை நடந்தே விரட்டியிருந்தேன்.

பாஸின் உடம்பில் பக்கக்கோடு என்று ஓர் உறுப்பு இருக்கிறது, தண்ணீரின் சின்னச் சின்ன அதிர்வை அதனால் உணரும். கரை மண்ணில் பொத்தென்று கால் வைத்தால் அதுவும் தண்ணீருக்குள் போகும். அதனால் தண்ணீர் ஓரத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்பே நில்லுங்கள். முதல் வீச்சு நடுவை நோக்கி வேண்டாம், கரையை ஒட்டி, கரைக்கு இணையாக, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. லூர் முழு நேரமும் மீன் இருக்கக்கூடிய ஆழத்திலேயே வரும். படகில் இருப்பவர் கரையை நோக்கி வீசத்தான் பாடுபடுகிறார், கரையிலேயே இருக்கும் நாம் நடுவுக்கு வீசிக்கொண்டிருக்கிறோம். இந்த இரண்டு வீச்சு முடிந்த பிறகு விசிறி விரிப்பதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணத்தை மாற்றிக்கொண்டே போகலாம்.

இரண்டாவது, அங்கே மீன் இருக்கக் காரணம் இருக்கிறதா? பாஸ் துரத்திப் பிடிப்பதைவிடப் பதுங்கியிருந்து பிடிப்பதை விரும்பும் மீன், பதுங்க ஏதாவது வேண்டும். சாய்ந்து விழுந்த மரம், அல்லி இலைத் திட்டு, படகுத்துறையின் தூண், தண்ணீர் வந்து விழும் குழாய் வாய். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. தெரியாத இடத்துக்கு எனக்கு உதவுவது ஒரு சின்ன வழி: எங்கே ஒன்று இன்னொன்றாக மாறுகிறது என்று பார்ப்பேன். கல் முடிந்து சேறு தொடங்கும் இடம், பாசி முடிந்து வெறும் தண்ணீர் தொடங்கும் கோடு, நேராகப் போகும் கரை சட்டென்று மூக்குபோல நீட்டிக்கொள்ளும் இடம், நிழல் வெயிலாகும் விளிம்பு. அந்த விளிம்பில்தான் வீச வேண்டும். சீராக ஒரே மாதிரி போகும் ஐம்பது மீட்டர் கரையில் அரை நாள் நிற்பது வீண்.

செடி என்றால் எல்லாச் செடியும் ஒன்றில்லை. பச்சையாக, இழுத்தால் மொறுமொறுவென்று ஒடியும் செடியில் மீன் இருக்கும். இலையுதிர்காலக் கடைசியில் பழுப்பாகி, கையில் குழகுழவென்று நாற்றத்தோடு வரும் செடியில் இருக்காது, அது அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். முள்ளில் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பாருங்கள், மோந்தும் பாருங்கள். இலவசத் தகவல்.

மூன்றாவது, நகர்ந்தீர்களா? நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார்ந்தால் பாஸ் வராது. அது வேறு மீனுக்கான பழக்கம். ஒரு இடத்தில் பத்துப் பதினைந்து வீச்சு, ஒன்றும் இல்லையா, இருபது அடி நடங்கள். படகுக்காரருக்கு மோட்டார் இருப்பதுபோல நமக்குக் கால்.

நான்காவது, காற்று. முகத்தில் காற்று அடித்தால் வீசவே எரிச்சலாக இருக்கும், அதனால் எல்லாரும் காற்றுக்கு முதுகைக் காட்டும் அமைதியான கரைக்குப் போய்விடுவார்கள். மீன் இருப்பது பெரும்பாலும் எரிச்சலான கரையில்தான். காற்று மேல்தண்ணீரின் நுண்ணுயிர்களை அந்தப் பக்கம் தள்ளும், அதைத் தின்ன சின்ன மீன் போகும், அதைத் தின்ன பாஸ் போகும். அலை உடைவதால் வெளிச்சமும் கலங்கி, மீனுக்குக் கொஞ்சம் துணிச்சல் வரும். தாழ்வாக, கனமான லூரோடு, ராடைப் பக்கவாட்டில் வைத்து வீசினால் சமாளிக்கலாம்.

ஐந்தாவது, தண்ணீரின் சூடு. ஒரு சாதாரண வெப்பமானியை நூலில் கட்டிப் போட்டுப் பார்த்தாலே போதும். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பாஸின் உடம்பு மந்தமாகிவிடும், துரத்தாது, மூக்குக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தால்தான் வாயைத் திறக்கும். அப்போது நீங்கள் மெதுவாக இழுப்பதாக நினைப்பதில் பாதி வேகம்தான் சரியான வேகம். 15 முதல் 20 வரை முட்டையிடும் காலம், மீன் கரையோரம் வரும், நமக்கு வருஷத்தின் நல்ல நாட்கள். நடுக்கோடையில் வெயில் ஏறினால் நிழலுக்குள்ளோ ஆழத்துக்கோ போய்விடும், விடியலும் அந்தியும்தான் கரைக்காரருக்கு மிச்சம்.

இவ்வளவும் பார்த்தாயிற்று, இன்னும் தட்டல் இல்லை என்றால் இப்போது பெட்டியைத் திறங்கள். தெளிந்த தண்ணீருக்கு மங்கலான பச்சை, பழுப்பு மாதிரி இயற்கையான நிறம், மெல்லிய நரம்பு. கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பும் நீலமும், கூடவே தண்ணீரை நன்றாக அசைக்கும் லூர், தகடு சுழலும் ஸ்பின்னர்பைட் மாதிரி. இந்த நிற விஷயத்தில் இதற்கு மேல் யோசிப்பது எனக்கு வீண் வேலையாகவே பட்டிருக்கிறது.

அறிகுறி: தட்டுகிறது, முள்ளில் ஏறவில்லை

எப்படித் தட்டுகிறது? டிக்டிக்டிக்டிக் என்று கோழி கொத்துவதுபோல இருந்தால் அது பாஸே இல்லை, சின்ன மீன்கள் ரப்பர்ப் புழுவின் வாலைக் கொத்துகின்றன. எடுத்துப் பார்த்தால் வால் நுனி மட்டும் காணாமல் போயிருக்கும். அங்கிருந்து நகருங்கள், அல்லது வால் இல்லாத கட்டையான லூரைப் போடுங்கள்.

பாஸ் வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். கையில் ஒரே ஒரு டொக், அவ்வளவுதான். பல சமயம் அதுவும் வராது. எடையில்லாமல் புழுவை மூழ்கவிடும்போது கடி பெரும்பாலும் கீழே இறங்கும்போதே வந்துவிடும், கைக்குத் தெரியவே தெரியாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும். நரம்பு தண்ணீருக்குள் நுழையும் அந்தப் புள்ளியையே பாருங்கள். அது ஒரு துள்ளு துள்ளினாலோ, பக்கவாட்டில் நழுவ ஆரம்பித்தாலோ மீன் எடுத்துவிட்டது. மனதுக்குள் எண்ணுவதும் நல்ல பழக்கம். லூர் தரையைத் தொட வழக்கமாக ஆறு எண்ண வேண்டியிருக்கிறது என்று வையுங்கள், ஒரு வீச்சில் மூன்றிலேயே நரம்பு தொய்ந்துவிட்டால், அது தரை இல்லை. முள் ஏற ராடைச் சுண்டுங்கள்.

சுண்டும் முன் தொய்வைச் சுற்றி எடுத்தீர்களா? காற்றில் நரம்பு வில்லாக வளைந்து கிடக்கும்போது ராடை எவ்வளவு வேகமாகத் தூக்கினாலும் அந்த வளைவுதான் நிமிரும், முள் அசையாது. ராடு நுனியைத் தாழ்த்தி, இரண்டு சுற்றுச் சுற்றி, எடை தெரிந்ததும் இழுங்கள். மோனோ, அதாவது ஒற்றை இழை நைலான் நரம்பு, ரப்பர்போல நீளும், தூரத்தில் கடித்தால் பாதி வலிமை அந்த நீட்சியிலேயே போய்விடும். நீண்ட வீச்சு வீசுபவர் நீளாத பின்னல் நரம்பான பிரெய்டைப் போட்டு, முனையில் ஒன்றிரண்டு மீட்டர் தண்ணீரில் எளிதில் தெரியாத ஃப்ளோரோகார்பன் நரம்பைக் கட்டிக்கொள்வது நல்லது.

அடுத்து முள். டெக்சஸ் ரிக்கில் முள்நுனியைப் புழுவின் உடம்புக்குள் மறைத்து வைக்கிறோம், பாசி மாட்டாமல் இருக்க. ஆனால் நடுச்சதையில் ஆழமாகப் புதைத்துவிட்டால் மீனின் வாயிலும் அது வெளியே வராது. நுனியை மறுபக்கம் கொண்டுவந்து, மேல்தோலில் மட்டும் லேசாகச் செருகுங்கள், விரலால் புழுவை அமுக்கினால் நுனி எட்டிப் பார்க்க வேண்டும். ஐந்து அங்குலப் புழுவுக்கு 3/0 அளவு வளைமுள் சரியாக இருக்கும். தடித்த புழுவுக்குச் சின்ன முள்ளைப் போட்டால் முள்நுனிக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடத்தைப் புழுவே அடைத்துக்கொள்ளும்.

கூர்மை? கட்டைவிரல் நகத்தின் மேல் முள்நுனியை லேசாக வைத்து இழுத்துப் பாருங்கள். நகத்தைப் பிடித்துக்கொண்டால் சரி, வழுக்கினால் மாற்றுங்கள். கல்லில் ஒரு தடவை உரசினாலே போதும் மழுங்க.

தவளை லூர் தனிக் கதை. அல்லி இலைமேல் தண்ணீர் வெடித்ததும் நம் கை தானாகத் துள்ளிவிடும், தவளை மீன் வாயிலிருந்து பறந்து நம்மை நோக்கி வரும். வெடிப்பைக் கண்ணால் பார்த்துச் சுண்டாதீர்கள், எடை கையில் தெரிந்த பிறகு சுண்டுங்கள். சொல்வது சுலபம், எனக்கு இன்னும் பத்தில் மூன்று தடவை தவறுகிறது.

அறிகுறி: ஏறியது, பாதியில் கழன்றது

துள்ளும்போது கழன்றதா? பாஸ் மேலே வந்து வாயைப் பிளந்து தலையை உதறும், அந்த நொடியில் நரம்பு தொய்ந்தால் முள் தெறித்துவிடும். நரம்பு மேல்நோக்கிச் சரசரவென்று ஏறுவதைப் பார்த்தால் துள்ளப்போகிறது என்று அர்த்தம். ராடு நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்திப் பக்கவாட்டில் இழுங்கள், சுற்றுவதை நிறுத்தாதீர்கள்.

மூன்று முள் சேர்ந்த ட்ரெபிள் உள்ள கிராங்க்பைட் மாதிரி லூரில் அடிக்கடி கழன்றால், ராடு விறைப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சின்ன முட்கள் மேலோட்டமாகத்தான் ஏறும், விறைத்த ராடும் நீளாத பிரெய்டும் சேர்ந்தால் கிழித்துக்கொண்டு வந்துவிடும். வளைந்து கொடுக்கும் ராடும் மோனோவும் இங்கேதான் உதவும். மேலே திட்டிய அதே நீட்சி இங்கே நமக்குச் சாதகம்.

காலடியில் கழன்றதா? இது கரைக்காரருக்கே உரிய கஷ்டம். மீன் கடைசியாக ஒரு தடவை நம்மைப் பார்த்துவிட்டு ஓடும், நம்மிடம் மிச்சமிருக்கும் நரம்போ இரண்டு மீட்டர். நரம்பு சுற்றும் ரீலின் ட்ராக், அதாவது மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிமானம், இறுக்கமாக இருந்தால் ஏதாவது ஒன்று போகும். நரம்பின் தாங்கும் வலிமையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை ட்ராக் வைப்பது வழக்கம். 12 பவுண்டு நரம்புக்கு 3 முதல் 4 பவுண்டு, வீட்டிலேயே கையடக்கத் தராசை மாட்டி இழுத்துப் பார்த்து வைத்துவிடலாம். அப்புறம், மீனை நரம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். தண்ணீரில் மிதந்தபோது அதன் எடையை நரம்பு தாங்கவே இல்லை, காற்றுக்கு வந்ததும் மொத்தமும் அந்தச் சின்னத் துளையில் தொங்கும். கரை உயரமாக இருந்தால் நீளக் கைப்பிடி வலை வேண்டும். இல்லாவிட்டால், வீசத் தொடங்கும் முன்பே எந்தச் சரிவில் மீனைக் கரையேற்றலாம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நரம்பு அறுந்துவிட்டது

திட்டிக்கொண்டே புது லூரைக் கட்டாதீர்கள். அறுந்த முனையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து பாருங்கள், காரணம் அதிலேயே எழுதியிருக்கும்.

முனை பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் நரம்பு அறுபடவே இல்லை, முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கிறது. இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள், மெதுவாக இறுக்குங்கள், வெட்டும்போது இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். பிரெய்டில் சாதாரணக் கிளிஞ்ச் முடிச்சு அடிக்கடி வழுக்கும், பாலோமார் முடிச்சுப் போடுங்கள்.

முனைக்கு மேலே ஒரு சாண் நீளம் விரலில் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் கல்லிலோ மரத்திலோ உரசித் தேய்ந்திருக்கிறது. அதுவரை உள்ளதை வெட்டிப் போட்டுவிட்டுக் கட்டுங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், ஒவ்வொரு சிக்கலுக்குப் பிறகும் அந்தக் கடைசி ஒரு சாணை விரலுக்கு நடுவே ஓட்டிப் பார்ப்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது, அதில் காப்பாற்றிய லூர்கள் ஏராளம்.

சுருளும் இல்லை, சொரசொரப்பும் இல்லை, சரியாக முடிச்சு இருந்த இடத்தில் அறுந்திருக்கிறதா? ஃப்ளோரோகார்பனாக இருந்தால் உலர்ந்தபடியே இழுத்து இறுக்கியதால் சூட்டில் பொசுங்கியிருக்கலாம். கத்தியால் வெட்டியதுபோல இருந்தால் பைக் மாதிரிப் பல்லுள்ள மீன் ஏதாவது. பாஸுக்கு இருப்பது அரம்போன்ற பல், அது வெட்டாது. பாஸைப் பிடித்த கட்டைவிரலின் தோல் சாயங்காலம் உப்புத்தாள் தேய்த்ததுபோல இருப்பது அதனால்தான்.

நடுவில் எங்கோ அறுந்ததென்றால் ராடு வளையங்களில் பஞ்சை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு எங்கே மாட்டுகிறதோ அந்த வளையத்தில் கீறல்.

அறிகுறி: ரீலில் சிக்கு

ஸ்பின்னிங் ரீலில் (வீசும்போது ஸ்பூல் அசையாமல் நிற்கும் வகை) முடிச்சு முடிச்சாகப் பறந்தால் மூன்று காரணம். நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலில் நரம்பு அதிகம்: விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும். கம்பி வளையத்தை ரீல் கைப்பிடியைச் சுற்றி மூடுகிறீர்கள்: கையால் மூடுங்கள், நரம்பை ஒரு இழுப்பு இழுத்து நிமிர்த்தி அப்புறம் சுற்றுங்கள். நரம்பு முறுக்கேறிவிட்டது: மீன் இழுத்துக்கொண்டு ஓடும்போது ட்ராக் கிர்ரென்று கத்த, நீங்களும் விடாமல் சுற்றினால் ஒவ்வொரு சுற்றும் முறுக்காக ஏறும். லூரைக் கழற்றிவிட்டு, நீண்ட புல்தரையில் நரம்பை வெறுமனே விரித்து, நடந்து இழுத்து வந்தால் முறுக்கு இறங்கிவிடும்.

வீசும்போது ஸ்பூலே சுழலும் ரீலான பெய்ட்காஸ்டரில் ஸ்பூல் மேல் தலைமுடிச் சிக்குபோல எழும்பினால், லூர் மெதுவானபிறகும் ஸ்பூல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். லூரைத் தொங்கவிட்டால் மெதுவாக இறங்கித் தரை தொட்டதும் ஸ்பூல் நிற்கும்படி பக்கத்துத் திருகை வையுங்கள், பிரேக்கைக் கூட்டுங்கள், லூர் தண்ணீரைத் தொடும் முன் கட்டைவிரலை வையுங்கள். விழுந்த சிக்கை எடுக்க நரம்பைப் பிய்க்காதீர்கள். கட்டைவிரலால் ஸ்பூலை நன்றாக அழுத்தி, கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றி, விரலை எடுத்து இழுத்தால் பாதிச் சிக்கு தானே அவிழும். காற்றுக்கு எதிராகப் பெய்ட்காஸ்டரில் இலேசான லூரை வீசுவது என்றால், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஸ்பின்னிங்கை எடுங்கள்.

அறிகுறி: ஒவ்வொரு வீச்சும் பாசியோடு வருகிறது, அல்லது வரவே மாட்டேன் என்கிறது

பாசிதான் என்றால் திறந்த முள்ளைக் கழற்றிவிட்டு டெக்சஸ் ரிக்குக்கு மாறுங்கள். துப்பாக்கிக் குண்டு வடிவ ஈயம் நரம்பில் நழுவினால் ஈயம் ஒரு கொத்துக்கு அந்தப்பக்கமும் புழு இந்தப்பக்கமும் தொங்கும், ரப்பர் தடுப்பு ஒன்றைப் போட்டு ஈயத்தைப் புழுவோடு ஒட்டி நிறுத்துங்கள். மேலே கம்பளம்போலப் படர்ந்திருந்தால் தவளை.

கல்லிலோ கட்டையிலோ மாட்டிவிட்டால் முதலில் இழுக்காதீர்கள், இழுக்க இழுக்க இறுகும். நரம்பை இறுக்கிப் பிடித்து, ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் நடுவே வீணைக் கம்பிபோல இழுத்து விடுங்கள், பல தடவை. அந்த அதிர்வில் ஈயம் பின்னால் குதித்துக் கழன்றுவிடும். இல்லையென்றால் கரையோரமாக நடந்து எதிர்ப்பக்கக் கோணத்திலிருந்து. அதுவும் ஆகவில்லை என்றால் அறுத்துத்தான் ஆக வேண்டும். ராடை வளைக்காமல் நேராக நீட்டி, நரம்பை ஒரு குச்சியில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுங்கள். வெறுங்கையில் பிரெய்டைச் சுற்றினால் சதையை வெட்டும். கழன்று வரும் ஈயம் எவ்வளவு வேகத்தில் வரும் என்று ஒரு தடவை என் தொப்பியின் விளிம்பில் பார்த்தேன், அன்றிலிருந்து கண்ணாடி இல்லாமல் கரைக்குப் போவதில்லை.

அறிகுறி: பின்னாலேயே வருகிறது, கடிக்காமல் திரும்பிவிடுகிறது

நல்ல செய்திதான், இடம் சரி. ஒரே வேகத்தில் இழுப்பதுதான் பிரச்சினை, எந்தச் சின்ன மீனும் இயந்திரம்போல நீந்தாது. நடுவில் நிறுத்துங்கள், ஒரு துடிப்புக் கொடுங்கள், சட்டென்று வேகம் கூட்டுங்கள். திரும்பிப்போன மீனுக்கு அதே லூரைத் திரும்பக் காட்டாமல், தயாராக வைத்த இன்னொரு ராடில் நடுவே முள் குத்திய வாக்கி ரிக் புழுவை அது மறைந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, தானாக மூழ்கவிடுங்கள். இரண்டு முனையும் நடுங்கிக்கொண்டே இறங்கும், எனக்கு மிகவும் நம்பிக்கையான வித்தை இதுதான்.

அறிகுறி: நேற்று கடித்த இடத்தில் இன்று ஒன்றுமில்லை

இரவோடு இரவாகக் குளிர்க்காற்று வந்துபோய், இன்று வானம் துடைத்துவிட்டதுபோல நீலமாக இருக்கிறதா? அப்படியானால் மீன் எங்கும் போயிருக்காது, செடிக்குள்ளும் கட்டைக்கடியிலும் இன்னும் ஒட்டிப் போயிருக்கும். ஏன் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நடப்பது இதுதான். சின்ன லூர், மெதுவான இழுப்பு, மறைவுக்குப் பக்கத்தில் இல்லை, மறைவுக்குள்ளேயே வீச்சு. வானிலை மாறவில்லை என்றால் தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று கரைக் கல்லில் ஈரக்கோட்டைப் பாருங்கள். இறங்கினால் மீன் ஓரத்தை விட்டு அடுத்த சரிவுக்கு நகர்ந்திருக்கும்.

அறிகுறி: கண்ணெதிரே நிற்கிறது, எதைப் போட்டாலும் தின்னவில்லை

வசந்த காலத்தில், ஆழமில்லாத தண்ணீரில், தட்டுபோல வெளிறிய ஒரு வட்டத்தின் மேல் மீன் நகராமல் நின்றால் அது கூட்டைக் காக்கும் ஆண். லூரைக் கவ்வினாலும் பசிக்குக் கவ்வவில்லை, எடுத்து வெளியே போடத்தான். அதைப் பிடித்துத் தூக்கியிருக்கும் நிமிஷத்திலேயே மற்ற மீன்கள் வந்து முட்டையைத் தின்னத் தொடங்கிவிடும். பிடிக்கலாமா என்று விதி ஒருபக்கம் சொல்லட்டும், நான் தாண்டிப் போய்விடுவேன்.

அறிகுறி: முள்ளை விழுங்கிவிட்டது

கடியைக் கவனிக்காமல் தாமதமாகச் சுண்டியதால் வருவது. மேலே சொன்ன நரம்பைப் பார்க்கும் பழக்கம்தான் மருந்து, முள்ளின் கொண்டியை (நுனிக்குப் பின்னால் உள்ள எதிர்முள்ளை) இடுக்கியால் அமுக்கி வைப்பதும் உதவும். நடந்துவிட்டால், கையை நனைத்துக்கொண்டு கீழ்த்தாடையைப் பிடித்து, மறுகையால் வயிற்றைத் தாங்குங்கள். பெரிய மீனைத் தாடையில் மட்டும் கிடையாகத் தொங்கவிட்டால் தாடை பிசகும். நீள மூக்கு இடுக்கியில் உடனே வரவில்லை என்றால் குடையாதீர்கள், நரம்பை முள்ளுக்குக் கிட்டே வெட்டிவிட்டு விடுங்கள்.

அறிகுறி: வருவதெல்லாம் சாண் அளவுக் குஞ்சு

இது கோளாறா என்றே சந்தேகம். உலக சாதனையே, 1932-இல் ஜார்ஜ் பெர்ரி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிடித்தது 22 பவுண்டு 4 அவுன்ஸ், கிட்டத்தட்ட 10.09 கிலோ. அதைச் சமன் செய்ய 2009-இல் மனாபு குரிட்டா ஜப்பானின் பீவா ஏரியில் 10.12 கிலோ மீனைப் பிடிக்கும்வரை 77 வருஷம் ஆயிற்று. அவருடையது எடையில் ஒரு அவுன்ஸ் அளவுக்குக் கூடுதல்தான், முந்தியதாக எழுத இரண்டு அவுன்ஸ் வித்தியாசம் வேண்டும் என்பது விதி, அதனால் சாதனை இருவர் பெயரிலும் நிற்கிறது. ஆக, நம் ஏரியில் அரைக் கிலோ வந்தாலே கணக்கு சரிதான்.

ஆனாலும் பெரியது வேண்டுமென்றால் லூரின் அளவைக் கூட்டுங்கள், கடி குறையும், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். குஞ்சுகள் கூட்டமாக இருக்கும் ஓரத்தை விட்டு, பக்கத்திலேயே ஆழம் சட்டென்று இறங்கும் இடத்தைத் தேடுங்கள். கோடையில் அனுமதி இருந்தால் இருட்டிய பிறகு போங்கள், பகலெல்லாம் ஆழத்தில் கிடந்தது அப்போதுதான் கரையோரம் வரும். கறுப்பு லூர், மேல்தண்ணீரில் மெதுவாக, ஒரே சீராக. இருட்டில் மட்டும் சீரான இழுப்புதான் நல்லது, மீன் சத்தத்தை வைத்துக் குறி பார்க்கும். தலைவிளக்கை முடிச்சுப் போடும்போது மட்டும் போடுங்கள், போடும்போது ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொள்ளுங்கள்.